ஐந்தாவது நெற்றி

“எல்லார் நெத்திக்கும் உன் கை போச்சு. அவங்ககிட்ட வந்ததும் மட்டும் உன் கைக்கு வழி தெரியலையா? கண்ணை மூடிட்டு நின்னாங்கம்மா. கண்ணை மூடிட்டு நின்னாங்க.” நேற்று சாயங்காலத்திலிருந்து இது மூன்றாவது தடவை, ஒரு சொல் மாறவில்லை, பரீட்சைக்கு உருப்போட்டதுபோல. பழக்கம்டி, கை தானா அடுத்த ஆள்கிட்ட போயிடுச்சு, என்றேன். “கைக்கு என்னம்மா பழக்கம்? கையை யார் பழக்கினது?” என்கிறாள். மூன்றாம் வருஷம் மருத்துவம் படிக்கிறாள், மூளையிலிருந்து கைக்கு எந்த நரம்பு எப்படிப் போகிறது என்று படம் போட்டுப் படிக்கிறவள், அவளிடம் போய்ப் பழக்கம் என்று சொன்னேன் பார். “நாலு மணிக்கு வேன் வருது. அதுக்குள்ள நீயா ஏதாவது பண்ணு. மன்னிப்பு கேக்க வாய் வரலைன்னா வேற ஏதாவது பண்ணு. இல்லைன்னா நான் ஏர்போர்ட்டுக்கு வரலை, நீயும் அப்பாவும் போய்க்குங்க. பொங்கலுக்கும் என்னை எதிர்பார்க்காத.” ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள் நித்திலா. கதவை அறைந்து சாத்தவில்லை. அறைந்திருந்தாலாவது நான் ஏதாவது கத்தியிருப்பேன். மணி இரண்டரை. இப்போது இந்தச் சமையலறையில் நான் இருக்கிறேன், மேசை கொள்ளாமல் கீரை இருக்கிறது, எதிரே அந்த ஐந்தாவது நெற்றி இருக்கிறது.

குழந்தைகள் பள்ளிக்கூடத்துச் சமையலறை இது, நாற்காலி எல்லாம் முழங்கால் உயரம்கூட இல்லை. அவளும் நானும் முட்டி மோவாயைத் தொட உட்கார்ந்து கீரை ஆய்கிறோம், இரண்டு பெரிய தவளைகள்போல. யாராவது படம் எடுத்து எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் போட்டால் உடனே கும்பிடு கும்பிடாகப் பொம்மை வந்து விழும். சேவை. குடும்பமாகச் சேவை. மலைக்கு அந்தப் பக்கம் கராபாக்கில் போர் வந்து ஊர் ஊராகக் காலியாகி, காரிலும் டிராக்டரிலும் இரண்டு நாள் மூன்று நாள் நகர்ந்து நகர்ந்து ஆர்மீனியாவுக்குள் வந்த ஜனத்தில் அறுபத்தெட்டுப் பேரை இந்தக் கட்டிடத்தில் வைத்திருக்கிறார்கள். யெரெவானில் படிக்கிற என் பெண், ஜனம் வந்த அன்றிலிருந்தே பஸ் பிடித்து இங்கே உதவிக்கு வந்துகொண்டிருந்தவள், ஒருநாள் அப்பாவுக்குப் போன் போட்டாள். அப்பா, பாதிப் பேருக்குப் பல்வலி, பார்க்க ஆளில்லை. அவ்வளவுதான். இருபத்தாறு வருஷமாகப் புரசைவாக்கத்தில் ஊரார் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டர் தேவநாதன், எனக்குப் பித்தப்பை எடுத்தபோதுகூட அரைநாள் அடைக்காத கிளினிக்கை மூன்று வாரம் அடைத்தார். “குடும்பமா போலாம் ரஞ்சிதம். நீ சமையலைப் பார்த்துக்கோ.” என்னவோ நான் அதுவரைக்கும் ஆகாய விமானம் ஓட்டிக்கொண்டிருந்ததுபோல. நான் சேவைக்கு வரவில்லை, அதை இங்கே இந்தக் கீரைக்கட்டு முன்னாலாவது ஒப்புக்கொள்கிறேன். அப்பாவும் பெண்ணும் சேர்ந்து நல்லவர்களாகிவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் எனக்குப் புரியாத கதையாகப் பேசிச் சிரிப்பார்கள், நான் ரசம் ஊற்றிக்கொண்டிருப்பேன், அந்தக் காட்சி கண்ணில் வந்தது. அதற்காக வந்தேன். பத்து கிலோ பொன்னி அரிசி, துவரம்பருப்பு, புளி, அரைத்த மிளகாய்த்தூள் எல்லாம் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தேன். முதல் நாள் அறுபத்தெட்டுப் பேருக்கும் சாம்பார் சாதம். ஒரு குழந்தை வாயில் வைத்துவிட்டு அழுதது, பார்த்து இன்னொன்று அழுதது. ஒரு கிழவர் அதன்மேல் தயிரை ஊற்றி, கொத்துமல்லியைப் பிய்த்துப் போட்டு, உப்பையும் தூவி, ரொட்டியைத் தோய்த்து மரியாதைக்காக நாலு வாய் தின்றார். மறுநாள் காலையில் இவள் வந்து நின்றாள், ஸாதெனிக், ஒரு கட்டுக் கீரையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு.

அவர்கள் மலையில் இருபது தினுசுக் கீரை கிடைக்குமாம், இங்கே ஒன்பதுதானாம், விரலை மடக்கி மடக்கிக் காட்டினாள். பொடிப்பொடியாக அரிந்து, மெல்லிசாகத் தேய்த்த மாவுக்குள் அப்படியே பச்சையாக அடைத்து, இரண்டு ஓரத்தையும் ஒட்டித் தட்டித் தகட்டில் போடுகிறாள். அவ்வளவுதான் வித்தை. இதைத் தின்ன இந்த ஊர்க்காரர்களே தெருமுனையிலிருந்து வருகிறார்கள். வரட்டும். தேவநாதன் நாலு தின்றார். முளைக்கீரை மசியலைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி ஒதுக்கியே என்னோடு இருபத்துநாலு வருஷம் ஓட்டிய மனிதர், கீரை மாட்டுக்குன்னு சொன்ன வாய், நாலு. “என்ன ஒரு மணம் பாரேன்.” பார்த்தேன். பருப்புக்கீரை, பசலைக்கு அக்கா மாதிரி ஒன்று, சோம்பு வாசனை அடிக்கிற ஒரு தழை, பீட்ரூட்டின் தலை. எல்லாம் நம் வீட்டுக் கலவைக்கீரைக்குச் சொந்தம்தான். பருப்புக்கீரைத் தண்டை இவளும் எறியவில்லை, நகத்தால் கிள்ளி, நார் மட்டும் உரித்துப் போடுகிறாள். நானும் அப்படித்தான் கிள்ளுகிறேன். இப்போது பார்த்தால் இரண்டு பேர் கட்டை விரலும் ஒரே மாதிரி கறுத்துப் பச்சையாகக் கிடக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, கையைப் புடவையில் துடைக்கிறேன், துடைத்தால் போகிற பச்சையா அது. அவள் நிமிர்ந்து பார்த்துச் சின்னதாகத் தலையசைக்கிறாள். என்ன தலையாட்டல். நேற்று அப்படி ஆனபிறகும் எதிரே வந்து உட்கார்ந்து கீரை ஆய்கிறாளே, ஒரு வார்த்தை திட்டக்கூடாதா. திட்டினால் எனக்குப் புரியாதுதான், ஆனாலும் திட்டு என்றால் எந்தப் பாஷையிலும் திட்டுத்தானே.

பல்லில்தான் ஆரம்பித்தது. காரில் வந்த இரண்டு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டே வந்திருக்கிறாள், கீழ்க் கடைவாய்ப்பல் இரண்டாக விண்டுவிட்டது. தேவநாதன் மூன்று தடவையாக உட்காரவைத்து அதைப் பார்த்தார். குழந்தைகள் படம் வரையும் அறையில், காகிதத்தில் வெட்டிய வாத்துகளுக்கு அடியில் இவள் அண்ணாந்து படுத்திருக்க, அவர் குனிந்து, ஆர்மீனிய பாஷையில் அவர் கற்றுக்கொண்ட ஒரே ஒரு வாக்கியத்தைக் கேட்டார். ட்ஸாவும் ஏ? வலிக்கிறதா? நான் வாசலில் நின்று சுடுதண்ணீர்க் கெட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் எனக்குத் தெரியாத குரல். பஞ்சில் பொதிந்து எடுத்தது மாதிரி. பித்தப்பை எடுத்து மயக்கம் தெளிந்தபோது என் கட்டில் பக்கத்தில் இதே மனிதர்தான் நின்றார், “டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துட்டாரா?” என்றார். நித்திலா பிறந்த அன்றைக்கு, “மூணு கிலோ இருக்காமே” என்றார். வலிக்கிறதா என்று தமிழில் கேட்க அவருக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை, அதைக் கேட்க ஆர்மீனியாவுக்கு வர வேண்டியிருந்தது. எனக்கும் ஒரு பல் உண்டு, மேல் வரிசையில், ஐஸ் தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரைக்கும் போகும், நாலு மாசமாகச் சொல்கிறேன். “ஊருக்குப் போய்ப் பார்க்கலாம்.” டென்டிஸ்ட் பெண்டாட்டி பல்வலி. சரி, அது போகட்டும். இவள் பதிலுக்கு வாய் கொப்பளித்துவிட்டு ஏதோ சொன்னாளே, ட்ஸாவ்த் தானெம் என்று, நித்திலாவிடமும் சொல்கிறாள், அழுகிற குழந்தையிடமும் சொல்கிறாள், ரொட்டி வண்டிக்காரனிடமும் சொல்கிறாள். என்னடி அது என்றேன். “உன் வலியை நான் எடுத்துக்கறேன்னு அர்த்தம்மா. இங்க எல்லாரும் அப்படித்தான் கொஞ்சுவாங்க.” என் புருஷன் பசியை எடுத்துக்கொண்டாள், என் பெண் தலையைப் பின்னுகிறாள், இப்போது வலியையும் எடுத்துக்கொள்கிறாளாம். எனக்கென்று எதை விடுவாள்? நித்திலா எண்ணெய்க் கிண்ணத்தோடு என்னைப் பார்த்தாலே பத்தாங்கிளாஸிலிருந்து ஓடுகிறவள். இங்கே இவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு முற்றத்து வெயிலில் கண் சொக்குகிறாள், இவள் நடுவகிடு எடுத்து இரண்டாகப் பின்னி முடிகிறாள். ஸாதெனிக் ஜான், ஸாதெனிக் ஜான். ஜான் என்றால் கண்ணு, செல்லம். என்னை அம்மா என்றுகூட முழுசாகக் கூப்பிடுவதில்லை, “மா.”

நியாயமா பேசு ரஞ்சிதம், என்று உள்ளே ஒரு குரல். அது எப்போதும் சிஸ்டர் பெனடிக்டாவின் குரல்தான். தினமும் தூங்குமுன் மனசைத் துழாவிப் பார்க்க வேண்டும் குழந்தைகளே, அழுக்கு எந்த மூலையில் இருக்கிறது என்று. நீதிபோதனையில் எனக்கு எப்போதும் தொண்ணூறுக்கு மேல். துழாவினால் என்ன கிடைக்கும் என்று எனக்கு அப்போதே தெரியும், அதனால் படுத்த உடனே தூங்கிவிடுவேன். இவளுக்கு வீடு போனது. ஊர் போனது. புவியியல் வாத்தியாரம்மா, தன் ஊர்ப் பெயரே இனி வரைபடத்தில் எப்படிப் போடுவார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். புருஷன், வாஹான், கிளம்புகிற அன்றைக்குப் பெட்ரோல் கிடைக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், நாலு வாரம் ஆகிறது. முதல் நாளே நித்திலா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். “காணோம்னு தான் சொல்லணும்மா. வேற எதுவும் நம்ம வாய்ல வரக்கூடாது.” எல்லாம் தெரிந்துதான் பொறாமைப்படுகிறேன். அதுதான் அசிங்கம், கட்டின புடவையோடு வந்தவளைப் பார்த்து மூணு பெட்டியோடு வந்தவளுக்கு வயிறு எரிகிறது. எதைப் பார்த்து எரிகிறது? அதையும் சொல்லிவிடுகிறேன். இவள் அறைக்குள் வந்தால் எல்லாரும் குரலைத் தாழ்த்துகிறார்கள். ரேடியோவின் காதைத் திருகுகிறார்கள். என் ஐம்பது வருஷத்தில் எனக்காக யாரும் குரலைத் தாழ்த்தினதில்லை, தொண்டை கிழியக் கத்தினால்தான் என் வீட்டில் மிக்ஸியே நிற்கும். இவளிடம் துக்கம் இருக்கிறது, பெரிசாக, எல்லாரும் பார்க்கிற மாதிரி. எனக்கு இருப்பதெல்லாம் சின்னச்சின்ன வலி, அதற்கு யார் ஜான் போடுவார்கள். போதாததற்கு மெட்ராஸ். எங்கிருந்து வருகிறோம் என்று தெரிந்ததும் இவள் முகம் மலர்ந்துபோய் நித்திலாவிடம் படபடவென்று சொன்னாளே. ஆர்மீனிய மொழியில் முதல் பத்திரிகையே மெட்ராஸில்தான் அச்சானதாம், அங்கே ஒரு சர்ச் இருக்கிறதாம், சம்பங்கி மரம் இருக்கிறதா இன்னும், என்று கேட்டாள். அரண்மனைக்காரத் தெரு. அதற்கு இரண்டு தெரு தள்ளித்தான் என் கான்வென்ட், பதினோரு வருஷம் அந்தப் பச்சைக் கதவைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு ஓடினேன், ஒரு நாள் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. “பாரு, நம்ம ஊரைப் பத்தி உன்னைவிட அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றார் தேவநாதன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னால் வலிக்காது என்று எந்தப் பல் டாக்டர் சொன்னது? அந்தக் கான்வென்ட் இங்கிலீஷை வைத்து எத்தனை நாத்தனாரை, எத்தனை பாங்க் மேனேஜரை அடக்கியிருக்கிறேன், இங்கே அதற்கு ஆளே இல்லை, இவளுக்கு அவள் பாஷையும் ரஷ்ய பாஷையும்தான். வாயைத் திறந்தால் நான் ஊமை. ஊமைக்குக் கை ஒன்றுதான் மிச்சம். அந்தக் கை நேற்று என்ன செய்தது பார்.

“ரஞ்சிதம், அந்தக் கண்ணாடிக் கருவியைப் பார்த்தியா, வாய்க்குள்ள வைக்கிறது?” தேவநாதன் வாசலில். கழுத்தில் துண்டு, கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கிறது, பெட்டி கட்டுகிற நேரத்தில் மட்டும் இவருக்கு என் பெயர் ஞாபகம் வரும். உங்க சட்டைப் பையிலதான் இருக்கு, என்றேன். தடவிப் பார்த்தார், இருந்தது. போகவில்லை. “கீரையா?” இல்லைங்க, பிரியாணி. “சும்மா கேட்டேன்மா.” என்னங்க, நீங்களும் நான் வேணும்னு செஞ்சேன்னு நினைக்கிறீங்களா? “நான் ஒண்ணும் நினைக்கலை.” நினைக்காதவர் மூஞ்சி ஏன் நேத்துலேர்ந்து இப்படித் தொங்குது? அவர் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தார், ஜன்னல் திட்டைப் பார்த்தார். “சின்னப் பொண்ணு அவ, கோவத்துல பேசறா. நீ பெரியவ. ஏதாவது பண்ணிடேன்.” ஏதாவதுன்னா என்னங்க? “எனக்கென்ன தெரியும், பொம்பளைங்க சமாச்சாரம்.” பிறகு அவள் பக்கம் திரும்பித் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, ட்ஸாவும் ஏ? அவள் சே என்று தலையாட்டிச் சிரித்தாள், இல்லையாம். போய்விட்டார். என்னிடம் கேட்டிருக்கலாம். போகிறபோக்கில் இந்தப் பக்கம் திரும்பி எனக்கும் ஒன்று போட்டிருக்கலாம். ஜன்னல் திட்டை எதற்குப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாதா? அங்கே அந்தத் துணி இருக்கிறது. நீலக்கட்டம் போட்ட துணி. தினமும் முதல் ஈடு ரொட்டி வெந்ததும் அதில் பெரிசாக ஒன்றை எடுத்து அந்தத் துணியில் சுற்றி அந்தத் திட்டில் வைக்கிறாள். யாரும் அதைத் தொடுவதில்லை. காலையில் நான் வரும்போது துணி மட்டும் மடித்துக் கிடக்கும். சாயங்காலமானால் இவர் நடக்கப் போகிறேன் என்று இந்தப் பக்கமாகத்தான் போகிறார். நாலு தின்றவருக்கு ஐந்தாவது எடுத்துவைக்கிறாள். கேட்டால் அசிங்கம், கேட்காமல் இருபது நாளாக அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதில் எத்தனை கட்டம் என்றுகூடச் சொல்வேன்.

சரி, நேற்று. சுற்றிச் சுற்றி அங்கேதான் வரும், வரட்டும். நவராத்திரி வெள்ளிக்கிழமை, ஊரில் இருந்தால் கொலு, சுண்டல், பத்து வீட்டுப் பெண்கள். இங்கே குழந்தைகளின் மரப் பொம்மையை எல்லாம் மூன்று படியாக அடுக்கினேன், கரடி, ரயில், ஒரு கூன் விழுந்த ஒட்டகம். நித்திலாவுக்குக்கூடச் சந்தோஷம். பெண்களுக்குக் குங்குமம் வைக்கிறேன் என்றேன். அவள் எல்லாருக்கும் அவர்கள் பாஷையில் விளக்கினாள், இது வீட்டுக்காரர் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு வைப்பது என்று. நான்தான் சொல்லச் சொன்னேன், பெருமையாக. ஒன்பது பெண்கள் வரிசையாக, ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்துக்கொண்டு. இவள் சிரிக்கவில்லை. முகம் கழுவி, தலையை ஈரம் தொட்டு வாரி, நெற்றியில் விழுகிற முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, என் முன்னால் குனிந்து கண்ணை மூடினாள். சிமிழில் என் மோதிர விரல் இருந்தது. எடுத்தேன். எடுத்து, ஆறாவது பெண்ணுக்கு வைத்தேன். அவள் கண் மூடினபடியே இருந்தாள், இன்னும் வரவில்லை, வரும் என்று. எவ்வளவு நேரம்? நான் எட்டாவது பெண்ணுக்குப் போய்விட்டேன், அப்புறம்தான் திறந்தாள். ஒன்பது பேரில் எட்டுப் பேர் நெற்றியில் சிவப்பு. அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, இதற்கு என்ன அர்த்தம் என்று ஐந்து நிமிஷம் முன்னால்தான் என் பெண் விளக்கியிருந்தாள். நாலு வாரமாக ஒரு ஆபீஸ்காரரும், ஒரு அதிகாரியும், ஒரு பாதிரியும் சொல்லத் துணியாததை மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பொம்பளை ஒரு விரலால் சொல்லிவிட்டாள்.

அந்தச் சிமிழ் அம்மாவுடையது. அப்பா போன பதின்மூன்றாம் நாள் என் கையில் திணித்தாள், “இனிமே எனக்கு எதுக்கு, நீ வச்சுக்கோ.” எனக்கு அப்போது இருபது வயசு. அந்த வருஷக் கொலுவில் பெரியம்மா குங்குமத்தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தாள், அம்மாவுக்குப் பக்கத்தில் வருகிறபோது அம்மா எழுந்தாள், “அடுப்புல பால் இருக்கு, பொங்கிடப் போவுது,” என்று உள்ளே போனாள். அடுப்பில் பால் இல்லை. எனக்குத் தெரியும், பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தவள் நான்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் தட்டு நெருங்கும்போது அம்மாவுக்கு எங்கேயாவது ஒரு பால் பொங்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தேன், என் வீட்டில் இது நடக்காது, நான் படித்தவள், நான் எல்லாருக்கும் வைப்பேன், விட்டுத் தாண்ட மாட்டேன். வைத்தேனும்தான், ஊரில், மூன்றாவது மாடி சரோஜினிக்கு வைத்தேன், வாட்ச்மேன் மனைவிக்கு வைத்தேன், புருஷன் இல்லாதவர்கள்தான் இரண்டு பேரும், என்ன பெருமை எனக்கு அன்றைக்கெல்லாம். அப்படியானால் பழக்கம் என்று நித்திலாவிடம் சொன்னேனே, அது எந்தப் பழக்கம்? இங்கேதான் மாட்டிக்கொள்கிறது, நேற்றிலிருந்து இந்த இடத்தில்தான் முள். என் கைக்கு அந்தப் பழக்கமே கிடையாது. பெரியம்மாவின் பழக்கம் அது, தூர நின்று பார்த்து வெறுத்த பழக்கம், வேண்டும் என்கிறபோது மடித்த புடவைபோல எடுத்துக் கட்டிக்கொண்டேன். இவள் கண்ணை மூடி முகத்தை நீட்டியபோது நான் ஏன் நிமிர்ந்தேன்? வாசலில் தேவநாதன் நின்றுகொண்டிருந்தார். அந்த மூடிய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பாக ஒன்றும் இல்லை, கோயிலில் விளக்கைப் பார்க்கிற பார்வைதான், எனக்கும் தெரியும். அப்படிக்கூட என்னை ஒருநாள் பார்த்ததில்லையே. அவ்வளவுதான், விரல் நகர்ந்துவிட்டது. அம்மாவை எழுப்பிப் பாலுக்கு அனுப்பிய அதே நகர்வு.

மேசையில் எதுவோ அதிர்கிறது. கீரைக்குள் புதைந்த அவள் போன். அவள் எழுந்தே விட்டாள், நாற்காலி பின்னால் விழுகிறது, கையைப் பாவாடையில் இந்தப் பக்கம் துடைக்கிறாள், அந்தப் பக்கம் துடைக்கிறாள், மறுபடியும் துடைக்கிறாள், ஈரக்கையோடு எடுத்தால் அந்தப் பக்கத்துக்காரர் மறைந்துவிடுவார் என்பதுபோல. நானும் எழுந்துவிட்டேன், எனக்கென்ன வந்தது. எடுத்துக் கேட்டாள். ஒரு பெண் குரல், சளசளவென்று. இவள் தோள் இறங்கினதிலிருந்து தெரிந்தது, அது இல்லை. ஆம் ஆம் என்று நாலு வார்த்தை பேசி வைத்துவிட்டு நாற்காலியை நிமிர்த்தி, உட்கார்ந்து, விட்ட தண்டிலிருந்து ஆய்கிறாள். ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இது? நான் போனை எடுத்தால் ஏதாவது பாங்க் லோன்காரியாக இருக்கும், வள் என்று விழுந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். அரிந்தாள், உப்புப் போட்டுப் பிசறினாள், மாவைத் தேய்த்தாள். நான் அடைத்தேன், அவள் ஓரம் ஒட்டினாள். மூன்று மணி ஐந்து. வாசனை எழும்புகிறது, நல்ல வாசனைதான், சனியன். முதல் ஈடு எடுத்தாள். அதில் பெரிசாக ஒன்றைப் பொறுக்கி, நீலக்கட்டத் துணியை உதறி, சுற்றி, திட்டில் வைக்கப் போனாள். இருபது நாளாக அடக்கின வாய், இன்றைக்குக் கிளம்பிப் போகிற நாளில் திறந்துகொண்டது. டாக்டர்? என்றேன், துணியைக் காட்டி. அவளுக்குப் புரியவில்லை. டாக்டர், டாக்டர், என்று என் கன்னத்தைத் தொட்டு, பல்லைக் காட்டி, தின்பதுபோல் வாயை மென்று காட்டினேன். என் குரலில் இருந்தது அவளுக்குக் கேட்டிருக்காது என்று நம்புகிறேன். அவள் துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சே,” என்றாள். “வாஹான்.”

அப்புறம் சைகையிலேயே சொன்னாள், மெதுவாக, வகுப்பில் மக்குப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. இன்றைக்கு வாஹானுக்கு. கையைக் கன்னத்தில் வைத்துத் தூங்கிக் காட்டி, ஜன்னலுக்கு வெளியே சூரியன் எழும்புவதைக் காட்டி, வாஹான் இல்லை என்று உள்ளங்கையை விரித்துக் காட்டி, அப்புறம் தன் நெஞ்சைத் தொட்டாள். காலையில் அந்தக் காய்ந்த ரொட்டியைத் தேநீரில் நனைத்து அவளே தின்கிறாள், நாங்கள் யாரும் எழுந்துகொள்ளும் முன்னால். மறுபடி புதிதாக ஒன்று சுடுகிறாள். நேற்றும் சுட்டாள். என் விரல் அவளைத் தாண்டிப் போனதற்கு அப்புறமும் முதல் ஈட்டில் எட்டு ரொட்டியை எங்களுக்குக் கொடுத்துவிட்டு ஒன்பதாவதை இந்தத் துணியில் சுற்றினாள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பார்த்து, ஆஹா, வெட்கமில்லை பார், என்று நினைத்தேன். முற்றத்தில் நித்திலா துணி உதறுகிற சத்தம், ஒவ்வொரு உதறலும் எனக்கு விழுகிற அறை. மன்னிப்பு எனக்கு இந்தப் பாஷையில் தெரியாது. தமிழிலும் அவ்வளவாகப் பழக்கமில்லை. கைப்பையைத் திறந்து சிமிழை எடுக்கிறேன். இப்போது இவளுக்கு வைத்துவிடலாமா? வைத்தால் என்ன ஆகும், விட்டுப்போன இடத்தை நிரப்பினதாகும், ஐயோ பாவம் என்று போட்ட பிச்சையாகும், வேனுக்கு நேரமாச்சு என்று வைத்ததாகும். முகத்தை இன்னொரு தடவை எனக்கு நீட்டுவாளா? நீட்டச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

ரொட்டி மாவும் கீரைத் தண்டும் கிடக்கிற இடத்தை ஒதுக்கி அவள் முன்னால் சிமிழைத் திறந்து வைக்கிறேன். நாற்காலியை இழுத்துப் போடுகிறேன், முட்டியோடு முட்டி இடிக்கிறது. எனக்கு நீ வச்சு விடு, என்கிறேன், தமிழில்தான், வேறென்ன தெரியும், என் நெற்றியைத் தொட்டுக் காட்டுகிறேன். பெரியம்மா இருந்தால் கையைப் பிடித்து இழுத்திருப்பாள், பைத்தியமாடி உனக்கு, யார் கையால யாருக்கு, அவ இருக்கிற நிலைமை என்ன, உன் புருஷன் ராத்திரி ஆகாயத்துல பறக்கணும். அதுவும் காதில் விழத்தான் செய்கிறது, படித்தவளுக்கு விழாது என்று யார் சொன்னது, தேவநாதன் அந்தப் பக்கம் பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருக்கிறார், மூணு பெட்டியும் சேர்ந்து அறுபது கிலோ, அவருக்கு மேல் மூச்சு வாங்குகிறது. போகட்டும். வாஹான் இருக்கிறார் என்றால் இவள் கைக்கு ஒன்றும் குறையில்லை. இருக்கிறார் என்றுதான் இந்தக் கை தினமும் மாவு தேய்க்கிறது. நான் கண்ணை மூடுகிறேன். மூடினால்தான் தெரிகிறது, எவ்வளவு கேட்கிறது என்று. குழாய் சொட்டுகிறது. தகட்டில் ஒரு ரொட்டி கருகுகிறது, அவள் திருப்பவில்லை. அவள் மூச்சு எனக்கு ஒரு முழத்தில். எவ்வளவு நேரம் நின்றாள் நேற்று, மூன்று நெற்றி தாண்டுகிற வரைக்கும், ஒரு நெற்றிக்கு எத்தனை விநாடி? என் முகத்தை இப்படிக் கையேந்துவதுபோல எவர் முன்னாலும் நீட்டினதில்லை, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, உதடு தானாகக் கோணுகிறது. வாசலில் வாளி வைக்கிற சத்தம், நித்திலாதான், நின்றுவிட்டாள். வெளியே வேன் ஒரு தடவை ஹாரன் அடிக்கிறது, சீக்கிரமே வந்துவிட்டான். சிமிழ் நகர்ந்ததா, என் காதுக்கு அப்படித் தோன்றியதா? திறக்க மாட்டேன்.

“ஸாதெனிக் ஜான்,” என்கிறேன், “வச்சு விடும்மா.”